குலச்சின்னம் வைப்பது எப்படி? ஏலக்காய்ச் சீமைக்கு ஒரு செயல்முறைக் கையேடு

போடிநாயக்கனூரில் மாடி வீடு கட்டியாயிற்று. போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வாங்கியாயிற்று. மகள் கல்யாணத்தில் ஊரையே கூட்டிச் சோறு போட்டாயிற்று. இன்னும் என்ன குறை? குடும்பத்துக்கென்று ஒரு சின்னம் இல்லை.

கூச்சப்பட வேண்டாம். இத்தாலியில் மறுமலர்ச்சிக் காலத்தையே ஆட்டிவைத்த மெதிச்சி குடும்பம் அரச வம்சமல்ல. 1397-ல் பிளாரன்ஸில் வங்கி தொடங்கி, கொடுக்கல் வாங்கலில் மேலே வந்தவர்கள். கணக்குப் பிள்ளைகளை வைத்துப் பிழைத்தவர்கள் வாசலில் சின்னம் பொறித்த கேடயம் மாட்டினார்கள் என்றால், காய் வியாபாரத்தில் தலையெடுத்த நாம் மாட்டினால் என்ன தப்பு? கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் செய்யவும்.

படி 1: ஒரு மிருகத்தைக் கொல்லவும்

எந்தப் பெரிய வம்சத்துக்கும் தொடக்கத்தில் ஒரு மிருகம் செத்திருக்க வேண்டும். போடி பாளையக்காரர்களின் குடும்ப மரபைக் கேளுங்கள். 1336 வாக்கில் ஆந்திரத்துக் குத்திப் பக்கமிருந்து முன்னோர் தெற்கே வந்தாராம். முரட்டுக் காட்டுப்பன்றி ஒன்றை வீழ்த்தி ராஜாவின் கண்ணில் பட்டாராம். விஜயநகரம் பிறந்ததாகச் சொல்வதும் அதே 1336 என்பதைக் கவனிக்கவும். கதைக்கு ஆண்டு தேடும்போது பெரிய வீட்டு விசேஷம் நடந்த ஆண்டாகப் பார்த்து எடுப்பதே மரியாதை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விஜயநகரப் பேரரசின் முத்திரையே வராகம்தான். பன்றியும் கத்தியும், மேலே சூரிய சந்திரரும். ராஜா கொடியில் ஏற்றிக் கும்பிடுவதை நீங்கள் கொன்றதாகச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே எதைக் கொல்வதானாலும் தாத்தாவை விட்டுக் கதையில் மட்டும் கொல்லவும்.

படி 2: மேலிடத்தில் ஒரு கையெழுத்து வாங்கவும்

நீங்களே வைத்துக்கொண்டால் அது வெறும் படம். பெரிய இடத்தில் கொடுத்தால் விருது. மெதிச்சி கேடயத்தில் பொன் நிறத் தரையில் சிவப்பு உருண்டைகள் இருந்தன. 1465-ல் பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி, அதில் ஒன்றை நீலமாக்கி, தன் வீட்டு லில்லிப் பூ மூன்றை வைத்துக்கொள்ள அனுமதித்தார். வங்கிக்காரர் வீட்டு வாசலில் ராஜா வீட்டுப் பூ.

நம் பக்கத்தில் இதைவிட விரிவான ஏற்பாடு இருந்தது. விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் ஆளுக்கொரு பாளையக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். போடியும் அதில் ஒன்று. பாளையக்காரர்களின் மரியாதைகள் பல்லக்கு, குடை, சாமரம், கொடி என்று நீளும். பட்டப்பகலில் தீவட்டி பிடித்துக்கொண்டு போவதும் அதில் சேர்த்தி. மின்வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கொடுத்தவர் பெயரையே உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்வது உத்தமம். மைசூரோடு நடந்த மூக்கறுப்புப் போரில் மதுரைத் திருமலை நாயக்கருக்குக் கைகொடுத்த ரகுநாத சேதுபதி, 'திருமலை' என்ற பெயரையும் 'ராணி சொல் காத்தார்' என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு ராமநாதபுரம் திரும்பினார். போடி ஜமீன்தார் ஒருவரின் முழுப்பெயர் திருமலை போடய காமராஜ பாண்டிய நாயக்கர். மதுரையை ஆண்ட இரண்டு வம்சங்களும் அந்த ஒரு கையெழுத்துக்குள் அடங்கிவிட்டன. உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் வட்டச் செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

படி 3: பொருத்தமான உருவத்தைத் தேர்ந்தெடுக்கவும்

மீன், புலி, வில் மூன்றும் ஏற்கெனவே போய்விட்டன. அனுமனும் கருடனும் சேதுபதி கொடியில் இருக்கிறார்கள். சங்கு திருவிதாங்கூருடையது, மலையேறினால் அந்தப் பழைய சீமைதான், வம்பு வேண்டாம். நான்முகச் சிங்கத்தை ஜீப்பில் ஒட்டினால் 2005-ம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு வரும். யானை கம்பீரம்தான். ஆனால் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் யானையை வாவென்று கூப்பிடுகிற மாதிரி வாசலில் படம் வைப்பது புத்திசாலித்தனமல்ல.

மிலானை ஆண்ட விஸ்கொந்தி குடும்பம், பாம்பு ஓர் ஆளை விழுங்குவதைச் சின்னமாக வைத்திருந்தது. ஆல்ஃபா ரோமியோ கார் முகப்பில் இன்றும் அதைப் பார்க்கலாம். நம்மூரில் அதை மாட்டினால், சம்பந்தம் பேச வந்தவர்கள் நாகதோஷம் என்று காப்பியைக் குடிக்காமலே எழுந்து போவார்கள்.

என் சிபாரிசு இரண்டு. ஒன்று, கோம்பை நாய். பக்கத்து ஊர்க்காரன், உடம்பு செம்மை, மூஞ்சி கறுப்பு, காவலுக்குப் பேர்போனவன். இரண்டு, தேனீ. ரோமில் பார்பெரினி குடும்பத்தார் முதலில் மாட்டு ஈக்களைத்தான் சின்னமாக வைத்திருந்தார்கள். வசதி வந்ததும் ஈ தேனீயாகப் பதவி உயர்வு பெற்றது. 1623-ல் அந்த வீட்டுப் பிள்ளை போப்பாண்டவர் எட்டாம் அர்பன் ஆனதும், தேனீ ரோம் நகரமெங்கும் பறந்தது. ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பதும் தேனீதான். காய் பிடிப்பதே அதன் தயவில் என்பதால் நன்றிக்கடனும் தீரும்.

படி 4: அர்த்தம் கேட்டால் மூன்று பதில் சொல்லவும்

மெதிச்சி உருண்டைகள் எதைக் குறிக்கின்றன? முகெல்லோவில் ஓர் அரக்கனோடு மோதிய முன்னோரின் கேடயத்தில் விழுந்த அடிகள் என்பார் ஒருவர். குடும்பப் பெயருக்கு மருத்துவர் என்று பொருள் வருவதால் மாத்திரைகள் என்பார் இன்னொருவர். நாணயம் மாற்றுவோர் சங்கத்தின் காசுகள் என்பார் மூன்றாமவர். குடும்பத்தார் எதையும் மறுக்கவில்லை. எண்ணிக்கையும் ஒரு நிலையில் இல்லை. காலத்துக்குக் காலம் மாறி ஆறில் வந்து நின்றது. ஒரே பதில் சொன்னால் ஆராய்ச்சி செய்வார்கள். மூன்று சொன்னால் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

படி 5: அதிகாரியை வரைய விடாதீர்கள்

1877 புத்தாண்டு நாளில் விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார் கூட்டினார் வைஸ்ராய் லிட்டன். வந்த ராஜாக்களுக்குப் பட்டுக்கொடிகள் பரிசாகக் கிடைத்தன. சின்னங்களை வரைந்தவர் வங்காளத்து சிவில் அதிகாரி ராபர்ட் டெய்லர். தலைமுறை தலைமுறையாகக் கொடியும் குடையும் வைத்திருந்தவர்களுக்கு ஐரோப்பியக் கேடயம் ஒன்றைக் கொடுத்து, இதுதான் உங்கள் பரம்பரைச் சின்னம் என்று அனுப்பிவைத்தார்கள். கொடியும் லேசில் தூக்க முடியாத கனம். போடியில் ஃபிளெக்ஸ் அடிக்கும் தம்பியே இதைவிடத் தேவலை. அவர் தானாகச் சேர்க்கும் சிங்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

படி 6: கண்ட இடத்திலெல்லாம் பதிக்கவும்

மெதிச்சிகளின் வெற்றி ரகசியம் இதுதான். அரண்மனை மூலை, கோயில் விதானம், கிணற்று மேடை என்று உருண்டை இல்லாத இடமில்லை. ஆதரவாளர்கள் தெருவில் எழுப்பிய கோஷமே 'உருண்டை! உருண்டை!' என்பதுதான்.

நீங்கள் சாக்கிலிருந்து தொடங்கலாம். தகரத்தில் உருவத்தை வெட்டி, மூட்டைமேல் வைத்து, மையில் தோய்த்த துணியால் ஒற்றி எடுத்தால் ஒரு நிமிட வேலை. நுணுக்கமாக வரையாதீர்கள். சணல் இழையில் மை பரவி, தேனீ திரும்பவும் மாட்டு ஈயாகிவிடும். உள்ளே 8 எம்.எம். காய் இருந்தால் சின்னத்துக்கு மதிப்பு. சல்லடையில் கழிந்ததைப் போட்டுக் கட்டினால், அடுத்த ஏலத்தில் அந்தச் சின்னத்தைப் பார்த்ததுமே வியாபாரிகள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வீட்டுச் சுவரும் இருக்கிறது. போடி அரண்மனையில் ராமாயணத்தையே சுவரோவியமாக்கினார்கள். பட்டாபிஷேகக் காட்சிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருகிறவருக்கு அந்த மகுடத்தில் கொஞ்சம் பங்கு வந்துவிடுகிறது.

சந்தேகங்கள்

*தம்பியும் இதே சின்னத்தைப் போட்டால்?* இங்கிலாந்தில் இரண்டாவது மகன் ஒரு பிறையைச் சேர்த்துக்கொள்வார், மூன்றாமவர் ஒரு நட்சத்திரம். நம்மூரில் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

*எப்போது செய்வது?* ஏலக்காய் விலை ஏறியிருக்கும்போது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்போது கல்தச்சருக்கு முழுப் பணமும் கொடுத்தவர்கள் பிழைத்தார்கள். அட்வான்ஸ் மட்டும் கொடுத்தவர்களின் வாசலில் பாதி நாய்தான் நிற்கும்.

*எத்தனை காலம் நிற்கும்?* 1743-ல் அன்னா மரியா லூயிசாவோடு மெதிச்சி வம்சம் முடிந்தது. உருண்டைகள் பிளாரன்ஸ் சுவர்களில் இன்னும் இருக்கின்றன. 1948-ம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. ஆனால் மெதிச்சிகளுக்கு வாய்க்காத ஒன்று போடி நாயக்கருக்கு வாய்த்தது: ஊருக்கே அவர் பெயர். 2023-ல் அகலப்பாதையில் திரும்பி வந்த ரயிலும் அந்தப் பெயர்ப்பலகை முன்னால்தான் வந்து நின்றது. ஆகவே வசதியுள்ளவர்கள் சின்னத்தை விட்டுவிட்டு நேரே ஊருக்குப் பெயர் வைத்துவிடவும். முக்கியமான பகுதியை முன்னால் போடவும். மீதியை பஸ் கண்டக்டர் சொல்ல மாட்டார்.