குறும்படப் போட்டி இலக்கணம்: நூற்பாவும் உரையும்

பாயிரம். இந்நூல் நுதலிய பொருள், குறும்படப் போட்டி. கேட்போர், படத்தை முடித்து ஹார்ட் டிஸ்க்கும் கையுமாக நிற்கும் விஸ்காம் மாணவர். எல்லை, வடக்கே இணையவழிப் படம் அனுப்பும் பிலிம்ஃப்ரீவே, தெற்கே கல்லூரிக் கல்ச்சுரல்ஸ். பயன், கைக்காசு மிஞ்சுதல். இனி நூற்பா:

கட்டணம் காலம் நடுவர் திரையிடல்
பதிப்புரி மையென ஐந்தும் நோக்கித்
தேர்ந்தபின் அனுப்புதல் மாணவர்
கடனென மொழிப கற்றறிந் தோரே.

உரை வருமாறு.

கட்டணம். இழப்பு முதலில் நேர்வது இங்கே ஆதலின் முதற்கண் வைத்தார். போட்டிகள் இரு வகைய: படம் பார்த்து வாழ்வன, கட்டணம் வாங்கி வாழ்வன. பின்னதை அறியும் குறிகள் நான்கு. மாதந்தோறும் நடக்கும். பெயரில் ஒரு வெளிநாட்டு நகரம் இருக்கும்; அந்நகரில் எந்தத் தியேட்டர் என்பது மட்டும் இராது. 'சிறந்த போஸ்டர்', 'சிறந்த முதல் முயற்சி' என விருதுகள் பெருகி, அனுப்பியவர் எவரும் வெறுங்கையோடு திரும்பார். கோப்பை வேண்டுவோர் தனியே பணம் கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். இவை நான்கும் ஒருங்கே அமைந்தவிடத்து அது போட்டியன்று, கடை என்க. அக்கடைச் சரக்கு லாரல் எனப்படும் இலைவளையம். ஆறேழு வளையம் ஏறிய போஸ்டரில் நாயகன் முகம் முருங்கைமரத்துக்குப் பின்னால் நிற்பவன் முகம்போல் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு வளையத்துள்ளும் பொடி எழுத்தில் 'அரையிறுதி' என்றிருக்கும்.

காலம். கடைசித் தேதியையும் படத்தின் நீளத்தையும் ஒருங்கே குறித்தது. ஆஸ்கர் வழங்கும் அகாடமி 1972 முதல் நடத்திவரும் மாணவர் விருதுக்குப் படம் 40 நிமிடத்துக்கு மேற்படலாகாது. ஸ்பைக் லீ 1983இல் வென்றது இதனையே. கான் விழாவின் 'லா சினெஃப்' பிரிவு 60 நிமிடம் வரை ஏற்கும். இரண்டுக்கும் படம் கல்விநிறுவனத்தின் பாடப்பகுதியாக எடுத்ததாதல் வேண்டும். லீவில் மொட்டைமாடியில் நண்பர்கள் எடுத்தது, எத்துணைச் சிறப்பிற்றாயினும், இங்கே செல்லாது. கடைசித் தேதியை நள்ளிரவு வரை ரெண்டர் செய்வோர் தாமே அறிவராதலின் விரிக்காது விட்டாம்.

நடுவர். பெயர் வேண்டும். 'திரையுலகப் பிரமுகர்கள்' என்பது பெயராகாது. லைக் எண்ணிப் பரிசு தரும் போட்டியில் நடுவர் வாட்ஸ்அப் குழுவே. "அத்தை, லிங்கைத் தொட்டு ஒரு லைக் போட்டுடுங்க, மாமாவையும் போடச் சொல்லுங்க" என்று இரவெல்லாம் இறைஞ்சியவன் வெல்வான். இது குறும்படப் போட்டியன்று, உறவினர் கணக்கெடுப்பு.

திரையிடல். ஐந்தனுள்ளும் தலையாயது இது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி 2009இல் தொடங்கியது. அதில் படம் காட்டிய பாலாஜி மோகனும் கார்த்திக் சுப்புராஜும் 2012இலும், நலன் குமாரசாமி 2013இலும் முதற்படம் தந்தனர். அவர்களை ஏற்றிவிட்டது பரிசா எனின், அன்று. ஊரார் வீட்டில் உட்கார்ந்து பார்த்தமையும், பார்த்தவருள் படமெடுக்கப் பணம் போடுவோரும் இருந்தமையுமே. புணே திரைப்படக் கல்லூரியின் ஓராண்டுத் தொலைக்காட்சிப் படிப்பில் சிதானந்த நாயக் எடுத்த 16 நிமிடப் படம், சேவலைக் கிழவி திருடியதால் ஊரில் பொழுது விடியாது போன கன்னட நாட்டுப்புறக் கதை. 2024இல் லா சினெஃப் முதற்பரிசாக 15,000 யூரோ பெற்றது. பணம் ஒருபுறமிருக்க, கான் அரங்கில் உலகத் திரைக்காரர்முன் ஓடியது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. அத்தொலைவு இயலாதார் திருவனந்தபுரம் செல்க. கேரளச் சலச்சித்திர அகாதெமி 2008இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழாவில், தம் படம் தேர்வாகாவிடினும் பிறர் படம் பார்க்கலாம். தாம் நகைச்சுவை என எண்ணிய இடத்தில் அரங்கம் சிரிக்குமா என்பது, அரங்கில் உட்கார்ந்தாலன்றி விளங்காது.

பதிப்புரிமை. விதிமுறையின் கடைசிப் பக்கத்தில், எவரும் படியாத பொடி எழுத்தில் உறைவது. 'சமர்ப்பிக்கும் படங்கள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்' என்பது அதன் வாய்பாடு. வென்ற படத்தோடு தோற்றவற்றையும் எடுத்துக்கொள்ளும் இப்போட்டி, உண்மையில் விளம்பரப்படத்தை மலிவாக வாங்கும் வழி. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளரே, அதாவது முனைந்து பொறுப்பேற்று எடுத்தவர். செலவுக்குத் தந்த அப்பா உரிமை கோரினால் அது வேறு அதிகாரம். படம் வெளியானபின் 60 ஆண்டு நிற்கும் அவ்வுரிமையை ஒரு டிக்கில் தாரைவார்ப்பது மாணவர்க்கு அழகன்று. பின்னணியில் இளையராஜா பாட்டை இழுத்துப் போட்டவரும் இவ்விடத்தே தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்க.

தடை: ஐந்தும் நிரம்பிய போட்டி அரிதாயிற்றே, யாது செய்வது?

விடை: ஒன்றே வாய்க்குமெனில் திரையிடலைக் கொள்க. அதுவும் இல்வழிக் கட்டணம் கட்டற்க. அப்பணத்தை அடுத்த படத்தின் யூனிட் சாப்பாட்டுக்கு ஒதுக்குக. பிரியாணி தின்ற கேமராமேன் மறுநாளும் வருவான்; 'அரையிறுதி' இலையைக் காட்டி எவரையும் வரவழைத்தல் இயலாது என்பது துணிபு.