கனடாவில் வேலை தேடு படலம்

கனடாவில் டாக்ஸி பிடித்தால், ஓட்டுபவர் டாக்டராக இருப்பாராமே?

அரசாங்கமே எண்ணிச் சொன்ன கணக்கு அது. 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 2012-ல் வெளியான அரசு ஆய்வின்படி, டாக்ஸி ஓட்டுநர்களில் 255 பேர் மருத்துவப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற்றவர்கள். அவர்களில் 200 பேர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

ஸ்டெதஸ்கோப் பிடிக்க வேண்டிய கை ஸ்டியரிங் பிடிப்பது நாட்டுக்கும் நஷ்டம்.

'கனடா அனுபவம் உண்டா?' என்று கேட்டே அனுப்பிவிடுகிறார்களாம். வேலையே தராவிட்டால் அனுபவம் எப்படி வரும்?

நீச்சல் பழகிய பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்றால், எங்கே போய்ப் பழகுவது? இப்படிக் கேட்பது பாரபட்சம் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது. அந்த மாகாணத்தில் பொறியாளர் உரிமம் வழங்கும் அமைப்பு 2023-ல் இந்த நிபந்தனையைக் கைவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒன்டாரியோ நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் 'கனடா அனுபவம் தேவை' என்று போடவே கூடாது.

இன்டர்வியூ அறைக்குள்ளும் இந்த நியாயம் நுழைய வேண்டும்.

பயோடேட்டாவில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், மதம் எல்லாம் போட்டாயிற்று. போதுமா?

கல்யாணத் தரகருக்குப் போதும்!

கனடா கம்பெனிக்கு இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். செய்த வேலையும் அதன் பலனும் இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் சரி. பட்டத்தின் மதிப்பீட்டுச் சான்றிதழை ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடலாம். ஆங்கிலம் தடுமாறினால், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு அரசு செலவில் இலவச வகுப்பு உண்டு.