சுரண்டிப் பார்ப்பவர்

பெயிண்ட் பூசிய உலோகப் பொம்மையோ சாமியோ எதிர்ப்பட்டால், அடியில் இருப்பது பித்தளையா என்று வலக்கைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் அப்பால் நகராதவர், பெரம்பலூரிலும் அரியலூரிலும் தெருவுக்கு ஒருவரேனும் இருப்பார். பெரும்பாலும் சிமென்ட் ஆலையிலிருந்தோ போக்குவரத்துக் கழகத்திலிருந்தோ ஓய்வு பெற்றிருப்பார்; சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியோடு ஒரு காந்தத் துண்டும் இருக்கும். சுரண்டல் என்ற சொல்லுக்கு மேடைகளில் வழங்கும் பொருள் வேறு. இங்கே நேர்ப்பொருளே கொள்ளத்தக்கது. ஆயினும் நாளடைவில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதைப் பொருளைப் பறிகொடுத்த வீட்டார் அறிவர்.

அவருடைய ஆய்வு மூன்று படிகளைக் கொண்டது. முதலில் விரல் முட்டியால் தட்டி ஒலியைக் கேட்பார். அடுத்துக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார். இரும்பு ஒட்டும், பித்தளையும் செம்பும் ஈயமும் ஒட்டா, அலுமினியமும் ஒட்டாது என்றாலும் இந்தக் கடைசிச் செய்தி மட்டும் ஏனோ அவர் நினைவில் தங்குவதில்லை. மூன்றாவது நகம். முதுகுப்புறத்தில் பீடத்தை ஒட்டிய இடத்தைத் தேர்ந்து, வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றியோ மகள் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டே, முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் சுரண்டுவார். நவராத்திரி முடிந்து கொலுப் பொம்மைகளைத் துணியில் சுற்றும்போதுதான் அவர் வந்துபோன தடம் தெரியும். காகிதக்கூழ் செட்டியாருக்குப் பிடரியில் வெள்ளையாக ஒரு பொட்டு, மண் தசாவதாரத்தில் பத்துப் பேருக்கும் ஒரே உயரத்தில் ஒரு வடு. அனுபவம் மிக்க இல்லத்தரசிகள் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொன்னை ததும்பச் சுண்டலை நீட்டி, இரண்டு கையாலும் ஏந்தும் நிலையில் அவரை நிறுத்திவிடுவதுண்டு. துக்க வீட்டில் அதற்கும் வழியில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, போனவரின் பெருமையைக் குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, அவர் விரல் பக்கத்தில் இருக்கும் குத்துவிளக்கின் உச்சிக்குப் போய், தங்க நிறப் பெயிண்ட் அடித்த அன்னத்தின் கழுத்தை வருடத் தொடங்கிவிடும்.

இவர் கையில் அரசு அலுவலகத்துப் பழைய தகரப் பெயர்ப்பலகை ஏதும் இன்னும் சிக்கவில்லை. சிக்கினால் இவ்வட்டாரத்தின் வரலாறு முழுவதும் அடுக்கடுக்காக உரிந்து வந்துவிடும்: 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டம், 2001இல் அதிலிருந்து பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் ஒன்றான பெரம்பலூர், 2007இல் மீண்டும் தனியான அரியலூர்.

சுரண்டிய இடத்தில் மஞ்சள் தெரிந்துவிட்டால், "ரெண்டே நாள், புதுசாக்கித் தர்றேன்" என்று சொல்லி அதைப் பையில் போட்டுக்கொள்வார். கொல்லையில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியில் காஸ்டிக் சோடாக் கரைசல் எப்போதும் தயாராக இருக்கும். எண்ணெய் சார்ந்த பெயிண்டைச் சோப்புப் போலக் குழைத்துவிடும் கடுங்காரம் அது. பித்தளையை அவ்வளவாகத் தீண்டாது, அலுமினியத்தையோ நுரை பொங்கத் தின்றுவிடும். வெள்ளி நிறத்தில் பளபளத்த ஒரு மயில் இரவு முழுவதும் அதில் கிடந்து, காலையில் கால் மட்டுமாகக் கரையேறிய செய்தி ஊரறிந்தது. ஆனாலும் அந்த வாளியருகே முக்காலியில் அமர்ந்து வேலை செய்யும் நேரத்தில் அவரைப் பார்ப்பவர்க்குக் கோபம் தணிந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊறிய பெயிண்ட் முதலில் காய்ச்சிய பால்மேல் ஆடைபோலச் சுருங்கும். மேலே வெள்ளி, அதன்கீழ் கிளிப்பச்சை, அதன்கீழ் செங்காவி என்று மூன்று தலைமுறையின் பொங்கல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். தென்னை ஈர்க்கின் நுனியைக் கடித்துத் தூரிகையாக்கி, விரற்கடை உயரத் தவழும் கண்ணனின் காது மடிப்பில் அதை விட்டு அவர் சுழற்றும் பக்குவமும், எத்தனையோ ஆண்டுகளாகப் பெயிண்டில் மூழ்கிக் கிடந்த மூக்கு நுனி வெளிப்படும் கணத்தில் தாமாகவே மூச்சை நிறுத்திக்கொள்வதும், கூலிக்குச் செய்பவரிடம் காணக் கிடைக்காதவை.

வெளிப்பட்டது எதுவாயினும் அது சோழர் காலம். கங்கைகொண்ட சோழபுரம் இதே அரியலூர் மாவட்டத்தில் இருப்பதே அவருக்குப் போதுமான சான்று. பீடத்தின் அடியில் தொழிற்சாலைத் திருகாணி தெரிந்தாலும் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டார். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி, களவு வெளிப்பட்டபின் 2014இல் இந்தியாவிடம் ஒப்படைத்ததிலிருந்து இக்கருத்து அவரிடம் மேலும் இறுகியுள்ளது. பழஞ்செம்பின் மேல் காற்றும் ஈரமும் படியவைக்கும் பச்சைப் படிவமாகிய களிம்பும் பழமைக்கு ஒரு சாட்சி என்பதையும், அதை எந்த அளவோடு நிறுத்துவது என்பதே அருங்காட்சியகத்தாரின் கலை என்பதையும் அவரிடம் எடுத்துரைப்பது வீண். சென்னை அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் என்னும் வேதியியலாளர் 1930களிலேயே மின்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளைத் தூய்மைசெய்தார் என்று யாரோ சொல்லக் கேட்டு, மகனுடைய கைப்பேசி சார்ஜரின் வயரை அறுத்து உப்புநீரில் விட்டதுதான் பலன்.

இனி முறையீடு. பெயிண்டை அழுக்கென்று கருதுவதே அவருடைய முதற்பிழை. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துக் கை வெந்துபோன ஒரு பெண், இனித் தேய்க்க வேண்டாம் என்று காசு கொடுத்து வாங்கிப் பூசியது அது. அவர் உரித்துத் தரும் பளபளப்பு ஒரு வாரத்தில் மங்கும். மறுபடி புளியைக் கரைக்கப் போவது அவரல்லர். போதாக்குறைக்கு, வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பழம்பூச்சுகளின் தூளைப் பேரப்பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் ஊதித் தள்ளுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

திருப்பித் தரும் வழக்கமும் அவரிடம் இல்லை. எடுத்துக்காட்டாக, நாலங்குல உயரமும், இடத்தோளில் சிறு பள்ளமும், வீட்டின் மூத்த அம்மாள் தம் கையால் பூசிய நீல நிறமும் கொண்ட ஒரு வேணுகோபாலன், ஓர் ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளியன்று மாலை நாலரை மணிக்கு அவரிடம் போய், ஆறாண்டுகளாக வீடு திரும்பவில்லை. அவ்வீட்டைச் சேர்ந்த ஒருவர் அண்மையில் நேரிலேயே போய்க் கேட்டார்.

"மாமா, அந்தக் கிருஷ்ணர்..."

"இருப்பா, காது இடுக்குல இன்னும் கொஞ்சம் நீலம் இருக்கு. சாமி காரியம், அவசரப்படக் கூடாது."

இதைச் சொல்லும்போதே அவர் பார்வை வந்தவர் கையிலிருந்த சாவிக்கொத்தின் சிவப்புப் பிள்ளையார் மேல் விழுந்தது. வாங்கினார், தட்டினார், காந்தத்தை வைத்தார், நகத்தை ஓட்டினார், முகம் மலர்ந்தார். ஸ்கூட்டர் சாவியும் வளையத்தோடு வாளிக்குள் போயிற்று. வந்தவர் துறைமங்கலம் வரை நடந்தே வீடு சேர்ந்தார்.