163 மீட்டர் தளபதி

சனிக்கிழமை இரவு பத்து மணி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட கல்யாணப் படத்துக்கு எல்லாரும் இதயம் போட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரு செய்தி வந்து விழும்: “நாளை 0700. பியூட்டி வோர்ல்ட் எம்ஆர்டி. ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர். மூடிய காலணி கட்டாயம். செருப்போடு வருகிறவர் அப்படியே வீட்டுக்குத் திரும்பலாம்.” அத்தோடு இதயங்கள் நின்றுவிடும்.

சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதியில் இப்படி ஒரு மாமா இருக்கிறார். மீதிப் பாதியில் அவர் பெரியப்பாவாக இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. முழங்காலைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். காடு என்றால் உயிர். ஆனால் தனியாகப் போய் வாருங்கள் என்றால் போக மாட்டார். பின்னால் வரிசையாகப் பத்துப் பேர் வந்தால்தான் அவருக்கு அது காடு.

“நான் ஆர்மியில இருந்தப்போ” என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். தேசிய சேவையின் தொடக்கத்தில் தேக்கோங் தீவில் சேற்றில் புரண்டது உண்மைதான். மிச்சக் காலம் முழுவதும் சாமான் கிடங்கில் உட்கார்ந்து பூட்ஸ் எண்ணிக் கொடுத்ததும் உண்மை. முதல் உண்மையை அவர் சொல்வார். இரண்டாவதை அத்தை சொல்வார்.

கிடங்குப் பயிற்சி வீண்போகவில்லை என்பது அவருடைய முதுகுப்பையைப் பார்த்தால் தெரியும். இரண்டு ஊன்றுகோல், ஒரு விசில், திசைகாட்டி, தலையில் மாட்டும் விளக்கு (போவது காலை ஏழு மணிக்கு), அட்டை ஏறாத நீளக் காலுறை, குடும்பத்துக்கே மழைக்கோட்டு, மூன்று கோடாலித் தைலப் புட்டி. இவ்வளவையும் சுமந்துகொண்டு அவர் ஏறப் போவது புக்கிட் தீமா. சிங்கப்பூரின் ஆக உயரமான குன்று. உயரம் 163.63 மீட்டர். டக்ஸ்டன் பினக்கிள் வீவக புளோக்குகள் 50 மாடி, 156 மீட்டர். நாட்டின் ஆக உயரமான மலைக்கும் கழக வீட்டுக்கும் உயரத்தில் ஏழெட்டு மீட்டர்தான் வித்தியாசம், அங்கே லிப்டும் உண்டு என்று ஒருமுறை மருமகன் கணக்குப் போட்டுச் சொன்னான். அடுத்த வாரம் எல்லாருடைய தண்ணீரையும் சுமக்கும் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்பட்டது.

உச்சிக்குப் போகத் தார்ச்சாலையே இருக்கிறது. தொடக்கத்தில் நல்ல செங்குத்து. அங்கேதான் மாமாவின் படை சிதறும். பிள்ளைகள் முன்னால் ஓடிவிடுவார்கள், பாட்டி முதல் பெஞ்சிலேயே “நான் இங்க இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க” என்று உட்கார்ந்துவிடுவார், நடுவில் இருக்கும் மச்சான்மார் கைப்பேசியில் நேற்றைய கால்பந்து முடிவைப் பார்ப்பார்கள். மாமா விசில் ஊதுவார். விசிலுக்குத் திரும்பிப் பார்க்கிறவர்கள் எப்போதும் அடுத்த வீட்டுக்காரர்கள்தான்.

அந்தச் சாலையில் அவருக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒருவர், இமயமலைக்குப் போகத் தயாராகும் இளைஞர். சாக்கு மாதிரி ஒரு பையை முதுகில் கட்டிக்கொண்டு, அதே மேட்டில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பயிற்சி எடுப்பார். அவரை மாமா மன்னித்துவிடுவார். “நம்ம ரகம்” என்று தலையாட்டக்கூடச் செய்வார். மன்னிக்க முடியாதவர் மற்றவர்: எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீனப் பாட்டி. துணி ஜோடு, கையில் மடக்குக் குடை, இடுப்பில் சிறு வானொலி. மாமா ஏறும்போது ஒருமுறை முந்திப் போவார். உச்சியை நெருங்கும்போது எதிரே இறங்கி வருவார். மாமா இறங்கும்போது மறுபடியும் ஏறிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் “குட் மார்னிங்” சொல்வார். அதுதான் மாமாவுக்குத் தாங்காது.

மூச்சு வாங்குகிறது என்று மாமா சொல்லிக் கேட்டதில்லை. மூச்சு வாங்கும் இடங்களில் அவர் நின்று பாடம் நடத்துவார். செங்குத்தான இடங்களிலெல்லாம் நமக்கு அறிவு வளர்ந்தது இப்படித்தான். உயரமான மரம் எதுவானாலும் “இது செராயா.” மூன்றில் ஒன்று செராயாவாகவே இருந்துவிடும். கொஞ்சம் மேலே போனால் வாலஸ் வருவார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் இங்கே வந்து, இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 700 வகை வண்டு பிடித்தார், அதுவும் ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டில். சொல்லிவிட்டு மாமா கையை விரித்துக் காடு முழுவதையும் காட்டுவார், தாமே பிடித்துக் கொடுத்த மாதிரி. அந்தக் காலத்தில் இங்கே புலி இருந்தது, புலியைப் பிடிக்கக் குழி வெட்டி இலை தழை போட்டு மூடிவைப்பார்கள் என்று அவர் சொன்ன அன்று மட்டும் பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள். உடனே ஒரு பொடியன் கேட்டான்: “மாமா, குழி இப்பவும் இருக்கா? நீங்க முன்னால நடக்கிறீங்களா?”

குரங்கு விஷயத்தில் அவர் சொல்வது அத்தனையும் சரி. இங்குள்ள நீள்வால் குரங்குக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று பொருள். பையைக் கையில் தொங்கவிடக் கூடாது, தின்பண்டம் காட்டக் கூடாது, கண்ணோடு கண் பார்க்கக் கூடாது, தீனி போட்டால் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். எல்லாவற்றையும் ஒரு திருப்பத்தில் வரிசையாக நிறுத்திவைத்து விளக்குவார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பக்கவாட்டுப் பையிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் பையொன்று போய்விட்டது. உள்ளே ஆறு கறிபாப். குரங்கு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்து உருளைக்கிழங்கைத் தின்றது, முட்டையை ஒதுக்கியது. “கண்ணைப் பாக்காதீங்க, கண்ணைப் பாக்காதீங்க” என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் யாரும் குரங்கின் கண்ணைப் பார்க்கவில்லை. அத்தையின் கண்ணைத்தான் பார்த்தோம்.

2014இல், பாதைகள் தேய்ந்து மண் அரித்துப்போனதால் புக்கிட் தீமாவை மூடிப் பழுதுபார்த்தார்கள். முழுமையாகத் திறக்க 2016 ஆகிவிட்டது. அந்த இடைக்காலத்தை மாமா எப்படிக் கழித்தார் என்று கேட்காதீர்கள். அவருடைய புளோக்கில் இருப்பவர்களைக் கேளுங்கள். பிறகுதான் மெக்ரிட்சிக்குப் படையைத் திருப்பினார். அங்கே மர உச்சிகளுக்கு நடுவே ஒரு தொங்குபாலம் உண்டு; 250 மீட்டர் நீளம், சில இடங்களில் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம். போகலாம், திரும்பி வர முடியாது. ஒருவழிப் பாதை. முன்வைத்த காலைப் பின்வைக்கக் கூடாது என்று நம் ஆட்கள் வீரத்துக்குச் சொன்னதை அங்கே விதியாகவே போட்டுவைத்திருக்கிறார்கள். பாலத்தின் நட்டநடுவில், மாமா காட்டை நோக்கிக் கையை விரித்த அதே நேரத்தில், ஐந்து வயதுப் பேத்தி சொன்னாள்: “தாத்தா, ஒன்னுக்கு.” தேக்கோங்கில் இதற்குப் பயிற்சி இல்லை. எஞ்சிய 125 மீட்டரை மாமா கடந்த வேகத்தை அந்தச் சீனப் பாட்டி பார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவரைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. அலுவலகத்தில் அவரைவிட இருபது வயது சின்னவன் மேலாளர். அனுப்பும் மின்னஞ்சல் எதற்கும் பதில் வருவதில்லை. வீட்டில் குளிரூட்டியை எத்தனையில் வைப்பது என்பதுகூட அவர் கையில் இல்லை. ஞாயிறு காலை இரண்டரை மணி நேரம்தான் அவர் நில் என்றால் நாலு பேர் நிற்பார்கள். நாங்களும் அதற்காகவே நின்றிருக்கிறோம், தேவையில்லாத இடங்களில்கூட.

உச்சியில் காட்சி பெரிதாக ஒன்றுமில்லை; சுற்றிலும் மரம். உயரம் எழுதிய ஒரு பாறை இருக்கிறது, அதன் முன்னால் படம் எடுக்க வரிசை இருக்கிறது. மாமா நடுவில் நிற்பார். படத்தில் “163” மட்டும் விழுந்து “.63” மறைந்துவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். அந்த அறுபத்து மூன்று சென்டிமீட்டரையும் நாம்தானே ஏறினோம் என்பார்.

இறங்கியதும் பரோட்டாக் கடை. படை அங்கேதான் முதல்முறையாக ஒழுங்காக அணிவகுக்கும். முட்டை பரோட்டா, வெங்காயப் பரோட்டா, ஆட்டுக்கறிக் குழம்பு, தே ஆலியா. வழியில் பறக்கும் லெமூரைக் காட்டியபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், மைலோ டைனோசரைக் கண்டதும் கை தட்டினார்கள். எரித்ததைப் போல இரண்டு மடங்கு உள்ளே போனதும் மாமா கைக்கடிகாரத்தைத் தட்டி, “அடுத்து கோஸ்ட் டு கோஸ்ட் பாதை. ஜூரோங் ஏரியிலேர்ந்து கோனித் தீவு வரைக்கும். 36 கிலோமீட்டர்” என்றார்.

மேசையில் பேச்சு நின்றது. மச்சான் ஒருவர் முதுகுவலியை அப்போதே தொடங்கிவிட்டார். அத்தை குழம்பைத் தொட்டுக்கொண்டே, “வழியில பரோட்டாக் கடை எங்கெங்க இருக்குன்னு மொதல்ல பாருங்க. அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க” என்றார்.

மாமா சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து, வரைபடத்தைத் திறந்து, மேசை நடுவில் வைத்தார். பாதை நெடுக நான்கு இடத்தில் ஏற்கெனவே குறி போட்டிருந்தார். ஒன்றின் பக்கத்தில் “மட்டன் நல்லா இருக்கும்” என்றும் எழுதியிருந்தது.