முதல் கொட்டேஷன்: இரு பயங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு தொகை பற்றி

வீடுகளுக்குக் கட்டிலும் அலமாரியும் செய்து பேர் வாங்கிய தச்சர், முதன்முறையாக ஓர் ஆபீஸின் உள்வேலைக்கு விலை எழுதும் நிகழ்வு ஆழ்ந்த ஆய்வுக்குரியது. வீட்டு வேலையில் விலை என்பது டீக்கும் வடைக்கும் இடையே வாய்மொழியாக முளைத்து, வேலை முடியும்வரை வளர்ந்துகொண்டே இருப்பது. ஆபீஸோ எழுத்தில் கேட்கிறது. சதுர அடிக்கு எவ்வளவு, ரன்னிங் அடிக்கு எவ்வளவு, 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா.

பொருளும் கூலியும் லாபமும் சேர்ந்ததே விலை என்பது பழைய கொள்கை. அதை இங்கே மறுக்கிறோம். முதல் கொட்டேஷனை முடிவு செய்பவை இரண்டு பயங்கள்: வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்பது ஒன்று, கிடைத்துத் தொலைத்துவிடுமோ என்பது மற்றொன்று. முன்னது பகலில் விலையைக் குறைக்கும். பின்னது ராத்திரி ஏற்றும். ஆகவே தொகை எழுதிய நேரத்தைப் பொறுத்தது, ப்ளைவுட்டின் தரத்தைப் பொறுத்ததன்று.

ப்ளைவுட்டுக்கு வருவோம். எட்டுக்கு நாலு ஷீட் 32 சதுர அடி. ஏழடி உயரம், மூன்றடி அகலத்தில் ஒரு கதவு வெட்டினால் போவது 21, நிற்பது 11. இந்தப் பதினொன்றும் யார் கணக்கு? கதவின் அளவுக்கு மட்டுமே காசு என்பது கம்பெனியின் அத்வைதம். மிச்சம் வெறும் மாயை. முழு ஷீட்டுக்கும் காசு என்பது தச்சரின் துவைதம். துண்டில் டிராயர் அடித்துக்கொள்ளலாம் என்ற விசிஷ்டாத்வைதமும் உண்டு. ஆனால் வரைபடத்தில் டிராயர் இல்லை.

மேலும், எட்டடி ஷீட் ஆபீஸ் லிஃப்டில் நுழையாது. நாலாவது மாடிக்குப் படிவழியே தோளில்தான் போக வேண்டும். இந்த ஏற்றுக்கூலியை முதல் கொட்டேஷனில் எழுதியவர் எவரையும் நான் கண்டதில்லை. பகலில் ரம்பம் ஓடக் கூடாது என்ற நிபந்தனையும் பிற்பாடுதான் வாய் திறக்கும். கடைசி பில்லில் ஒரு வருடத்துக்குப் பிடித்துவைக்கும் 5 சதவீதம் துயர இலக்கியத்தைச் சேர்ந்தது, தாண்டிச் செல்வோம்.

1971இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் மூவர், எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்து, ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் வயலின் மதிப்பைக் கூட்டிக் கணித்தவரே என்று எழுதினார்கள். பொருளியலார் இதை வென்றவர் சாபம் என்பர். தச்சுக்கு இதைத் திருப்பிப் போட்டால் போதும்: செலவை எல்லோரையும்விடக் குறைவாக நினைத்தவருக்கே வேலை. “உங்க ரேட்தான் கம்மி, வந்து ஆரம்பிங்க” என்று போன் வந்த கணமே, மற்றவர்கள் எதை எழுதினார்கள், நாம் எதை விட்டோம் என்ற ஆராய்ச்சி மேஸ்திரிக்குள் தொடங்கிவிடும். ராத்திரிக்குள் விடை கிடைக்கும்: ஏற்றுக்கூலி.

மறுநாள் அதைச் சேர்த்துத் திருத்திய தாளோடு போனால், மேனேஜர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பார். “சில்லறைய விட்டுட்டு ரவுண்டா போட்டுக்கலாமே மேஸ்திரி?” அந்தச் சில்லறை சரியாக ஏற்றுக்கூலியின் அளவே இருக்கும். மேஸ்திரி “சரிங்க சார்” என்பார். மணி அப்போது காலை பதினொன்று.