பதினோரு லாரி போயிடுச்சு

வாடா தம்பி, திண்ணையில ஒக்காரு. காதுல என்னா அது, பஞ்சா? ஓ, பாட்டா! மடியில புத்தகம், கையில போனு, அதுக்குள்ள வகுப்பு ஒரு பக்கம், கிரிக்கெட்டு ஒரு பக்கம். கேட்டா மல்டிடாஸ்க்கிங்குங்கற. பேரு நல்லாத்தான் இருக்கு.

நீ ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் தொறந்து வச்சதுலேருந்து நம்ம கீழப்பழுவூரு ரோட்டுல பதினோரு சுண்ணாம்புக்கல்லு லாரி போயிடுச்சு. பக்கம் இன்னும் திரும்பல. எப்புடித் தெரியும்ங்கறியா? எனக்கு அது ஒண்ணுதானே வேலை!

கடலைக் கொல்லையில களையெடுக்க விட்டா ஒருத்தன் இந்த மூலையில ரெண்டு, அந்த மூலையில ரெண்டுன்னு புடுங்கிட்டு ஓடுவான். பொழுதன்னிக்கும் குனிஞ்சுதான் இருப்பான், இடுப்பும் வலிக்கும். சாயங்காலம் பாத்தா கோரை சிரிக்கும். அவனுக்குக் கூலி குடுப்பியா நீ?

ஒரே நேரத்துல நூறு வேலை பாத்தவங்க இல்லியா தாத்தான்னு மடக்கப் பாக்குற. இருந்தாரே, கோட்டாத்து செய்குத்தம்பிப் பாவலரு. 1907-ல மெட்ராசு விக்டோரியா ஹால்ல சதாவதானம் பண்ணிக் காட்டினாரு. அவதானம்னா சும்மாவா? முதுகுல விழுற கல்லை எண்ணணும், மணியோசையை எண்ணணும், கேட்ட அடிக்குப் பாட்டும் கட்டணும். அம்புட்டையும் மனசுல நிறுத்திப் பிசகாம ஒப்பிக்கணும். அதே மனுசன்தான் 5,000 பாட்டுக்கு மேல இருக்குற சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதினாரு. அதையும் முதுகுல கல்லு வாங்கிக்கிட்டா எழுதினாரு? ஒனக்கு நேத்துப் படிச்சதே நிக்கல, நீ எங்க நூறுக்குப் போற!

2009-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல சோதிச்சாங்களாமே. நீதான் படிச்சுக் காட்டின. பாதியில வேற எதுக்கோ தாவிட்ட, மீதியை ஒங்கக்கா படிச்சுச்சு. ஒரே நேரத்துல நாலைப் பாக்குற பழக்கம் உள்ளவங்களுக்கு வேண்டாததை ஒதுக்கத் தெரியலியாம். ஒரு வேலையிலேருந்து இன்னொண்ணுக்கு மாறுறதுலயும் பின்தங்கிட்டாங்களாம். தாவுறதே பொழப்பா வச்சிருக்குறவன் தாவுறதுலயே தோத்தா, கொரங்கு என்னா நினைக்கும் சொல்லு?

அந்தா, பன்னெண்டாவது லாரி வருது. போனை எங்கிட்டக் குடுத்துட்டு உள்ள போ. யாரு கூப்புட்டாலும் புள்ள உசுரோடதான் இருக்கான், படிக்கிறான்னு நான் சொல்லிக்கறேன்.