ஒரு பாய், ரெண்டு வாடகை

(ஒரகடம் பக்கம், சிமென்ட் ஷீட் போட்ட ஒரு ரூம். காலை எட்டேகால். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய தம்பி பாயில் சாய்ந்திருக்கிறான். வாசலில் ஹவுஸ் ஓனர், எட்டு மணி நேரம் உறங்கி எழுந்த முகத்தோடு.)

ஓனர்: தம்பி, தூங்கிட்டியா?

தம்பி: தூங்கிட்டேண்ணே.

ஓனர்: நல்லதாப் போச்சு, ஒரு விஷயம் கேளு. தூக்கம் வரலேன்னியே, ராத்திரி ஒம்போது மணிக்கு உள்ளங்கால்ல நல்லெண்ணெய் தேய்ச்சுட்டுப் படு.

தம்பி: ராத்திரி ஒம்போது மணிக்கு நான் பஸ்ஸுக்கு நிக்கிறேண்ணே.

ஓனர்: அப்போ காலையில தேய்.

தம்பி: நேத்து தேய்ச்சேன். பத்து மணிக்கு நீங்க போர் மோட்டார் போட்டீங்க. பதினொண்ணுக்குக் கன்டெய்னர் லாரிக்காரன் ரிவர்ஸ் எடுத்தான். பன்னண்டுக்குக் கரண்ட் போச்சு. ஒரு மணிக்கு ஷீட்டு காஞ்சதுல எண்ணெய் தடவின காலு வறுபட்டுச்சு.

ஓனர்: எல்லாம் மனசுப்பா. என்னைப் பாரு, ஒம்போதரைக்குத் தலை சாய்ச்சா...

தம்பி: உங்க கடிகாரம் சூரியனோட ஓடுது. உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குண்ணே. அது எப்படி ஓடுதுன்னு பழ ஈயை வச்சுக் கண்டுபுடிச்ச மூணு அமெரிக்கருக்கு 2017ல நோபல் குடுத்தாங்க.

ஓனர்: ஈக்கா?

தம்பி: ஈயோட தூக்கத்தைப் பார்த்தா நோபல். என் தூக்கத்தைப் பார்த்தா மெமோ. விடிகாலை மூணு மணிக்கு முழிச்சிருக்க ரெண்டு டீ அடிக்கிறேன். அஞ்சு மணி நேரம் கழிச்சும் பாதி ரத்தத்துல சுத்துது. பஸ்ஸை விட்டு இறங்குனா மூஞ்சில வெயில். விடிஞ்சிடுச்சு, எழுந்திருன்னு உடம்பு சொல்லுது.

ஓனர்: ஷிப்டை மாத்தச் சொல்றது.

தம்பி: வாராவாரம் மாத்துறாங்களே, அதானே வம்பு! நைட், அப்புறம் செகண்ட், அப்புறம் ஃபர்ஸ்ட். உடம்புக்குத் தள்ளிப் படுக்கறது சுலபம், முந்திப் படுக்கறதுதான் கஷ்டம். ஃபர்ஸ்ட், செகண்ட், நைட்னு திருப்பிப் போடுங்கன்னு கேட்டோம். 'நல்ல உறக்கம் பெறுவது எப்படி'ன்னு கிளாஸ் வச்சாங்க. நைட் முடிச்சவங்களுக்கு, காலையில ஒம்போது மணிக்கு.

ஓனர்: பிரயோஜனமா இருந்துச்சா?

தம்பி: அங்கதாண்ணே நல்லாத் தூங்கினேன்.

ஓனர்: உன் கஷ்டம் ஒரு ஆளோட போச்சு. என் கஷ்டத்தைக் கேளு. மூணு ஷிப்டுன்னா பாய் கணக்கு உதைக்குது. பகல்ல நீ படுக்கற, ராத்திரி ஃபர்ஸ்ட் ஷிப்ட் பையன் படுக்கறான். பதினோரு மணிக்குச் செகண்ட் முடிச்சு வர்றவனை எங்க போடுறது? 2023 ஏப்ரல் 21, சட்டசபையில பன்னண்டு மணி நேர வேலைக்கு மசோதா நிறைவேத்துனாங்க பாரு, அன்னிக்கு வீட்ல கேசரி. ரெண்டே ஷிப்டு, பாய்க்கு ரெண்டு ஆளு, மீதியே விழாத வகுத்தல்! மே 1ம் தேதி முதலமைச்சர் வாபஸ்னுட்டார். தொழிலாளர் தினமாம். வாடகை தினம்னு ஒண்ணு இருக்கா?

தம்பி: மனுஷன் பன்னண்டு மணி நேரம் நின்னா...

ஓனர்: பாய் இருபத்துநாலு மணி நேரம் உழைக்குது, கேட்டுச்சா? அதோட விட்டாங்களா! 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் ஹாஸ்டல் தொறந்தாங்க. 706 கோடி ரூபா. 18,720 பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் படுக்கை. ஆளுக்கு ஒண்ணுன்னு குடுத்துப் பழக்கினா அடுத்து நீங்களும் கேப்பீங்க.

தம்பி: கேக்கலாமாண்ணே?

ஓனர்: தூங்குப்பா, கண்ணு சிவந்திருக்கு. ரெண்டரைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் பையன் வந்துடுவான், எழுப்ப வைக்காத. தொட்டி காலி.

(மோட்டார் ஓடத் தொடங்குகிறது.)